ஓட்டுபவருக்குப் போன் செய்யாதீர்!



செல்போன் பேசிக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்று நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் போனைச் செய்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கவனம் சிதறுவது எப்படி?

மூன்று விதமாகச் சிதறும்.
1. கண் – ரோட்டை விட்டுப் போனைப் பார்ப்பது.
2. கை – ஸ்டீயரிங்கை விட்டுப் போனைப் பிடிப்பது.
3. மனசு – பேசுகிற விஷயத்தையே நினைப்பது.

ஹெட்போன் மாட்டினால் கை மட்டும்தான் தப்பிக்கும். மனசு தப்பிக்காது. செல்போன் பேசிக்கொண்டு ஓட்டினால் விபத்து நடக்கும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

வேன் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 60,000 மீட்டரை 3,600 விநாடியால் வகுத்தால் விநாடிக்குச் சுமார் 16.7 மீட்டர் வரும். யார் கூப்பிடுறாங்கன்னு 3 விநாடி போனைப் பார்த்தால் வண்டி 50 மீட்டர் போயிருக்கும். அதாவது 100 மீட்டர் ஓட்டத்தில் பாதி தூரம், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியது போல!

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, போனைக் கையில் பிடித்துப் பேசிக்கொண்டு ஓட்டுவது குற்றம். முதல் தடவைக்கே 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சிறைத் தண்டனையும் கிடைக்கலாம்.

என் வீட்டில் நடந்தது

எங்க அப்பா ஒரு மில் வேன் டிரைவர். காலை ஷிப்டுக்கு 18 பேரை ஏற்றிப் போவார். "வண்டி எங்க வருது?" என்று மில்லில் இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். "ஏன்ப்பா எடுக்கிறீங்க?" என்று கேட்டால், "எடுக்கலைன்னா சத்தம் போடுவாங்கம்மா" என்பார்.

ஒருநாள் காலையில் அப்பா போன் எடுத்ததும் டமால் என்று பிரேக் சத்தம் கேட்டது. வேனில் இருந்தவர்கள் கத்தினார்கள். குறுக்கே ஓர் ஆட்டுக்குட்டி வந்துவிட்டதாம். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்குக் கூப்பிட்டது மில்லில் இருந்து இல்லை. நான்தான். சாயங்காலம் வரும்போது சார்ட் பேப்பர் வாங்கி வரச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அப்பா என்னைத் திட்டவே இல்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

என்ன செய்யலாம்?

* வேலை கொடுப்பவர்கள், ஓட்டும் நேரத்தில் டிரைவரைக் கூப்பிடக் கூடாது. போன் எடுக்கவில்லை என்று திட்டவும் கூடாது.
* பத்து நிமிஷம் முன்னதாகவே வண்டியைக் கிளப்பச் சொன்னால் அவசரம் இருக்காது.
* டிரைவரின் போனை வண்டியில் வருபவர் ஒருவர் வைத்துக்கொள்ளலாம். இப்போது எங்க அப்பா போனை முன் சீட்டு அக்காதான் வைத்திருக்கிறார். "வண்டி ஓடுது, நிறுத்தினதும் பேசுவாரு" என்று சொல்லிவிடுவார்.
* அவசரம் என்றால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசலாம்.
* நாம் போன் செய்தால் முதலில் "வண்டி ஓட்டுறீங்களா?" என்று கேட்போம். "ஆமா" என்றால் உடனே வைத்துவிடுவோம்.

நண்பர்களே, இன்றைக்கே வீட்டில் போய் இதைச் சொல்லுங்கள். சார்ட் பேப்பர் நாளைக்கும் வாங்கலாம். அப்பாவை வாங்க முடியாது.

பேச்சு காத்திருக்கும், உயிர் காத்திருக்காது!

– 9-ஆம் வகுப்பு மாணவி