சூரியனுக்கு மூத்த தண்ணீர்

"இவ்வளவு தண்ணியும் எங்கிருந்து வந்தது உம்மா?" பாசிக்குடாக் கடலில் கால் நனைக்கும் சின்னப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வோம்? மழை என்போம். மழை கடலிலிருந்து என்போம். பிள்ளை விடாது.

ஜூன் மாதத்து நிலவில்லாத இரவில், விடுதி விளக்குகளுக்கு அப்பால் நின்று தென்கிழக்கே பாருங்கள். பால்வீதியின் நடுவே கருந்திட்டுகள் தெரியும். அவை வெற்றிடங்கள் அல்ல; பின்னாலுள்ள விண்மீன்களை மறைத்து நிற்கும் வாயு, தூசு முகில்கள். தண்ணீரின் கதை அத்தகையதொரு முகிலில்தான் தொடங்குகிறது.

அவற்றின் உட்பகுதியில் வெப்பநிலை ஏறத்தாழ -263 பாகை செல்சியஸ். அந்தக் குளிரில் வாயுக்கள் தாமாக இணைந்து நீராவது அரிது. தூசுத் துணிக்கைதான் அதற்கு இடம் கொடுக்கிறது. ஒட்சிசன் அணுவொன்று அதில் ஒட்டிக்கொள்ள, இலேசான ஐதரசன் அணுக்கள் மேற்பரப்பில் நகர்ந்து வந்து ஒவ்வொன்றாக அதனுடன் சேர்கின்றன. அப்போது வெளிவரும் சக்தியைத் துணிக்கை வாங்கிக்கொள்வதால் மூலக்கூறு சிதைவதில்லை. அங்கே நீர் பிறக்கும்போதே பனிக்கட்டிதான்.

இத்துணிக்கைகள் எதனால் ஆனவை என்ற விவாதத்தில் நம் நாட்டவருக்கும் பங்குண்டு. 1939 இல் கொழும்பில் பிறந்த சந்திரா விக்கிரமசிங்க, கேம்பிரிட்ஜில் பிரெட் ஹொயிலுடன் சேர்ந்து, அவை பனி அல்ல, காரீயம் என்று 1962 இல் எழுதினார். நம் நாட்டுச் சுரங்கங்களில் வெட்டியெடுக்கும் அதே காரீயம்! உள்ளே காபனும் சிலிக்கேற்றும், குளிர்முகில்களில் அவற்றின் மேல் பனிப் போர்வையும் என்பது பின்னர் தெளிவாயிற்று. உயிரே விண்ணிலிருந்து வந்தது என்ற அவரது பிற்காலக் கருத்தைப் பெரும்பாலான விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. அது வேறு கதை.

பனி, 3.1 மைக்ரோமீற்றர் அலைநீளச் செந்நிறக்கீழ்க் கதிரை உறிஞ்சும். ஒராயன் பகுதியில் அந்த அடையாளம் 1973 இல் பதிவானது. 2012 இல், இடப விண்மீன் கூட்டத்தின் எல்1544 முகிலில் ஹேர்ஷல் விண்தொலைகாட்டி நீராவியைக் கண்டது. பூமியின் கடல்களை 2000 தடவைக்கு மேல் நிரப்பக்கூடிய அளவு. அண்டக் கதிர்களால் பனியிலிருந்து வெளியேறிய சிறு பங்குதான் அது! அம்முகிலில் இன்னும் ஒரு விண்மீனும் பிறக்கவில்லை.

சரி, அந்த நீர் இங்கே வந்ததென்று எப்படித் தெரியும்? கடுங்குளிரில் உருவாகும் நீரில் பாரமான ஐதரசன், அதாவது தியூற்றீரியம், கூடுதலாகச் சேரும். சூரியன் உருவான வாயுவில் இருந்ததைவிட நம் கடல்நீரில் அதன் விகிதம் பல மடங்கு அதிகம். இதை வைத்துக் கணித்த ஆய்வாளர்கள், பூமியின் நீரில் பாதிவரை சூரியனுக்கு முன்பே பிறந்திருக்கலாம் என்று 2014 இல் அறிவித்தனர். சூரியனின் வயது 460 கோடி ஆண்டு. பிள்ளையின் காலை நனைத்த அலையிலும் அந்தப் பழைய நீர் கலந்திருக்கிறது.