இரண்டடிச் சுவரும் வைஃபை அலையும்



இராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டியில் ஒரு பழைய வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய இரண்டடிச் சுவர்கள். முன்னறை, நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், பின்னால் அறைகள். சித்திரை வெயிலிலும் உள்ளே குளுமைதான். ஆனால் பத்தாம் வகுப்பு படிக்கும் பெண் பின்னறையில் அமர்ந்து கைப்பேசியில் பாடம் பார்க்க முயன்றால், படம் நின்று நின்று வருகிறது. வைஃபை பெட்டியோ முன்னறையில் இருக்கிறது. “இன்னும் சக்தி வாய்ந்த பெட்டி வாங்கினால் சரியாகிவிடும்” என்கிறார் அப்பா. சரியாகிவிடுமா? பார்ப்போம்.

சுவர் என்ன செய்கிறது?

வைஃபையும் ஒளியைப் போல மின்காந்த அலையே. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ.; 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு சுமார் 6 செ.மீ. இவை சுவருக்குள் நுழையும்போது ஒரு பகுதி திரும்பிவிடுகிறது; ஒரு பகுதி சுவரிலேயே வெப்பமாக மாறி மறைகிறது. எஞ்சியதே மறுபுறம் வருகிறது. சுவரின் கனமும் ஈரமும் கூடக்கூட இழப்பும் கூடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமாகச் செய்தி தரும். ஆனால் சுவரைக் கடப்பதில் 2.4-ஐவிடப் பின்தங்கும். இரும்புப் பீரோ அலையைக் கடக்கவே விடாது. மரக்கதவோ பெரும்பகுதியை விட்டுவிடும்.

அலை சுவரைக் கடக்கும் என்பதை நம் நாட்டு அறிஞர் ஜகதீச சந்திர போஸ் 1895-லேயே காட்டிவிட்டார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் அவர் அனுப்பிய 5 மில்லிமீட்டர் அலை, இடையே இரண்டு சுவர்களைத் தாண்டி, 23 மீட்டர் தூரத்தில் மணியை ஒலிக்கச் செய்தது. வெடிமருந்தையும் வெடிக்க வைத்தது. அப்படியானால் நம் பின்னறைக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை? மணி அடிக்க ஒரு சைகை போதும். ஒளிப்படப் பாடத்துக்கோ நொடிக்குப் பல இலட்சம் சைகைகள் பிழையின்றி வர வேண்டும். அலை மெலிந்தால், தூரத்தில் நிற்பவரிடம் நிறுத்தி நிறுத்திப் பேசுவதுபோல, பெட்டியும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

ஒரு சிறு கணக்கு

கணக்குக்காக, ஒவ்வொரு சுவரும் பத்தில் ஒரு பங்கை மட்டும் விடுகிறது என்று கொள்வோம். ஒரு சுவருக்கு அப்பால் 1/10. இரண்டுக்கு அப்பால் 1/100. மூன்றுக்கு அப்பால் 1/1000. பெட்டியின் திறனை இரு மடங்காக்கினால் 2/1000 கிடைக்கும். ஒரே ஒரு சுவரைத் தவிர்த்தாலோ பத்து மடங்கு கிடைக்கும்! மேலும், வைஃபை இருவர் உரையாடல். பெட்டி உரக்கக் கூவினாலும், கைப்பேசியின் மெல்லிய குரல் அதன் காதில் விழ வேண்டுமே!

ஆகவே சுவரை முட்டி உடைக்கப் பார்க்காமல், அலைக்கு வழி தேடுவதே அறிவுடைமை.

வழி எங்கே?

வழி வீட்டின் நடுவிலேயே இருக்கிறது. அதுதான் முற்றம்! எல்லா அறைகளின் கதவுகளும் அதைப் பார்த்தே திறக்கின்றன. பெட்டியை மழை படாத தாழ்வாரத்தில், ஆள் உயரத்தில், பீரோவுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் விலகி வைத்தால், அலை முற்றத்தைக் கடந்து கதவு வழியே அறைகளுக்குள் செல்லும்.

அப்போதும் எட்டாத அறைக்குக் கம்பியே துணை. முதல் பெட்டியிலிருந்து இணையக் கம்பி ஒன்றைச் சாளரத்தின் வழியே கொண்டுபோய், அந்த அறையில் இரண்டாவது பெட்டியை இணைக்கலாம். இத்தகைய செம்புக் கம்பி 100 மீட்டர் வரை செய்தியைக் குறையின்றிக் கொண்டுசெல்லும். கம்பிக்கு வழியில்லாவிட்டால், அலையை வாங்கி மீண்டும் அனுப்பும் கருவி உண்டு. அதை அலை எட்டாத அறையில் வைப்பது வீண். அலை இன்னும் நன்றாகக் கிடைக்கும் பாதிவழியில் வைக்க வேண்டும். வாங்கவும் அனுப்பவும் அது ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தினால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்பதையும் மறவாதீர்கள்.

செய்து பாருங்கள்

தேவையானவை: வைஃபை வலிமையை எண்ணால் காட்டும் செயலி உள்ள கைப்பேசி, தாள், பென்சில்.

வீட்டின் படத்தை வரையுங்கள். ஒவ்வோர் அறையிலும் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது டெசிபெல் கணக்கில், −40, −70 என்பதுபோல இருக்கும். சுழியம் என்றால் ஒரு மில்லிவாட். பத்துப் பத்தாகக் குறையும் ஒவ்வொரு முறையும் திறன் பத்தில் ஒன்றாகிறது. −70 என்பது ஒரு மில்லிவாட்டில் கோடியில் ஒரு பங்கு! பாடம் தடையின்றி வர அதைவிட மேலான எண் இருப்பது நல்லது. −80-க்குக் கீழே போனால் தொல்லைதான்.

இப்போது பெரியவர்களின் துணையோடு பெட்டியை இடம் மாற்றி மீண்டும் அளந்து பாருங்கள். கதவைத் திறந்தும் மூடியும் பாருங்கள். இரண்டு படங்களையும் அருகருகே வைத்து அப்பாவிடம் காட்டுங்கள். புதிய பெட்டி வேண்டுமா, பத்தடி கம்பி போதுமா என்பதை அந்த எண்களே சொல்லிவிடும்.