மௌஸால் ஃபைல்களைத் தேர்ந்தெடுத்தல்

கம்ப்யூட்டரை எப்படித் திறப்பது, கடிதம் எப்படி அடிப்பது, படம் எப்படிப் பார்ப்பது என்பதையெல்லாம் நம் அன்பர்கள் பலர் பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு விட்டார்கள். ஆனால் ஒரு ஃபோல்டரில் இருக்கும் 600 படங்களில் நமக்கு வேண்டிய 40-ஐ மட்டும் பொறுக்கி எடுப்பது எப்படி என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. சிறுவர்களுக்கு அது தானாக வந்துவிடுகிறது. நமக்கோ அங்கேதான் கை தடுமாறுகிறது. ஊரில் நடந்த கல்யாணப் படங்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், வில்லங்கச் சான்று, பென்ஷன் காகிதங்கள் என்று எல்லாம் இப்போது ஒரு பென்டிரைவில் அடங்கிவிட்ட காலம். கை தவறினால் போவது சிறிய பொருள் அல்ல.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன். பழைய கேபின்களில் வரிசையாக லீவர்கள் நிற்பதை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். சிவப்பு லீவர் சிக்னலுக்கு, கறுப்பு பாயின்ட்டுக்கு, நீலம் பூட்டுக்கு. முதலில் பாதையை அமைத்துப் பூட்ட வேண்டும், பிறகுதான் சிக்னல் லீவர் அசையும். அதிலும் ஒவ்வொரு லீவரிலும் ஒரு கைப்பிடிக் கொக்கி உண்டு. அதை அழுத்திப் பிடிக்காமல் லீவரை இழுக்கவே முடியாது. தூக்கக் கலக்கத்தில் முழங்கை பட்டு எதுவும் நகர்ந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது.

கம்ப்யூட்டரிலும் முறை இதுதான். முதலில் எது என்று தேர்ந்தெடுக்கிறோம், பிறகு என்ன செய்வது என்று சொல்கிறோம். ஆனால் மௌஸில் அந்தக் கொக்கி இல்லை. தேர்ந்தெடுப்பதும் அதே பொத்தான், இழுத்துச் செல்வதும் அதே பொத்தான், திறப்பதும் அதே பொத்தான். தொல்லை எல்லாம் இதிலிருந்தே பிறக்கிறது.

இது எப்படி வந்தது? அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பர்ட் 1968 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் மௌஸை மேடையேற்றிக் காட்டியபோது அதில் மூன்று பொத்தான்கள் இருந்தன. 1981-ல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் என்ற கம்ப்யூட்டரில் இரண்டு: ஒன்று தேர்ந்தெடுக்க, மற்றது அந்தத் தேர்வை நீட்டிக்க. 1983-ல் ஆப்பிள் நிறுவனத்தின் லிசா ஒரே பொத்தானுடன் வந்தது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று யாரும் குழம்பக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணந்தான். ஆனால் ஒரே பொத்தானில் எல்லா வேலையையும் ஏற்றியதால் இரட்டைக் கிளிக் என்ற ஒன்றும், ஷிஃப்ட் சாவியைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்வது என்ற ஒன்றும் நம் தலையில் விழுந்தன. பொத்தானைக் குறைத்து விரலுக்கு வேலையைக் கூட்டிவிட்டார்கள் என்பேன்.

இனி செய்முறைக்கு வருவோம். விண்டோஸில் ஒரு ஃபைலை ஒருமுறை கிளிக் செய்தால் அது ஒன்று மட்டும் தேர்வாகும். முதல் ஃபைலைக் கிளிக் செய்து, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு கடைசி ஃபைலைக் கிளிக் செய்தால் இடையில் உள்ள அனைத்தும் தேர்வாகும். கன்ட்ரோல் சாவியைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்தால் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். சேர்த்ததை மறுபடி கிளிக் செய்து விலக்கவும் செய்யலாம். ஆகவே 600-ல் 40 வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். முதலில் தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். முகூர்த்தப் படங்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஷிஃப்டால் மொத்தமாகப் பிடித்து, கன்ட்ரோலால் வேண்டாததைக் கழியுங்கள். கழிப்பது சேர்ப்பதைவிட எளிது.

தவறு நேரும் இடங்கள் இவை. கன்ட்ரோலை விட்டுவிட்டு வெற்றிடத்தில் ஒரு கிளிக் பட்டால், அதுவரை பொறுக்கிய 39-ம் போயிற்று, மறுபடி முதலிலிருந்து. கன்ட்ரோலைப் பிடித்தபடியே கிளிக் செய்யும்போது கை சற்று நடுங்கி மௌஸ் நான்கைந்து புள்ளி நகர்ந்துவிட்டால், அது கிளிக் இல்லை, இழுப்பு என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். கன்ட்ரோலுடன் இழுத்தால் நகல் என்று அர்த்தம். பொறுக்கிய அத்தனைக்கும் இரட்டைப் பிரதி உண்டாகிவிடும். ஃபைலின் பெயர் மேல் நிதானமாக இரண்டு முறை கிளிக் செய்தால் திறக்காது, பெயரை மாற்றவா என்று நிற்கும். எஸ்கேப் சாவியைத் தட்டி வெளியே வந்துவிடுங்கள்.

நம் சங்கத்து அம்மா ஒருவர், வயது எழுபதுக்கு மேல், வீட்டுப் பத்திர ஸ்கேன்கள் காணாமல் போய்விட்டன என்று கண் கலங்கி வந்தார். அக்ஷயா மையத்தில் மறுநாள் கொடுக்க வேண்டிய காகிதங்கள். பார்த்தால், தேர்ந்தெடுக்கும்போது கை இழுத்து, பக்கத்தில் இருந்த பேரன் விளையாட்டு ஃபோல்டருக்குள் அவை போய் உட்கார்ந்திருந்தன. ஒரே டிரைவுக்குள் இழுத்தால் இடம் மாறும், வேறு டிரைவுக்கு இழுத்தால் நகலாகும். இந்த வேறுபாட்டை எந்தத் திரையும் உரக்கச் சொல்வதில்லை. இப்படி நேர்ந்தால் பதறாமல் உடனே கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்துங்கள், போனது திரும்பி வரும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ஒன்று உண்டு. ஷிஃப்டைப் பிடித்து வரிசையாகத் தேர்ந்தெடுத்தவர், விரலை எடுக்காமலே டெலீட் சாவியை அழுத்தினால், அந்த ஃபைல்கள் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. நிரந்தரமாக அழிக்கவா என்று ஒரு கேள்வி வரும். வழக்கமான கேள்விதானே என்று ‘எஸ்’ தட்டினால் முடிந்தது. பென்டிரைவில் அழித்ததும் அந்தத் தொட்டிக்கு வராது. எனவே தேர்ந்தெடுத்தவுடன் இரு கைகளையும் சாவிகளிலிருந்து எடுத்துவிட்டு, திரையின் அடியில் எத்தனை ஃபைல் தேர்வாகியிருக்கிறது என்ற எண்ணிக்கையைப் படியுங்கள். 40 என்று நினைத்தது 41 என்று இருந்தால் நில்லுங்கள். நகல் எடுக்க இழுக்கவே வேண்டாம். கன்ட்ரோல் சி, பிறகு வேண்டிய இடத்தில் கன்ட்ரோல் வி.

கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டே இருக்க முடியாதவர்களுக்கு ஒரு வசதி உண்டு. விண்டோஸ் 11-ல் வியூ, அதில் ஷோ, அதில் ஐட்டம் செக் பாக்ஸஸ் என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் சிறு கட்டம் தோன்றும். கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டே போகலாம், எந்தச் சாவியும் பிடிக்க வேண்டாம். 2007-ல் விற்பனைக்கு வந்த விஸ்டாவிலேயே இது இருந்தது, ஆனால் மெனுவுக்குள் மறைந்து கிடந்ததால் தெரிந்தவர் குறைவு. கட்டம் சிறியது. அதற்கு வெளியே பட்டால் பழைய கதைதான்.

கேரளத்துப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் விண்டோஸில் பழகுவதில்லை. இங்கு கைட் நிறுவனம் பள்ளிகளுக்குத் தருவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ். அங்கும் ஷிஃப்டும் கன்ட்ரோலும் இதே வேலையைத்தான் செய்கின்றன. கூடுதலாக, கன்ட்ரோல் எஸ் அழுத்தி ஒரு பெயர் மாதிரியைக் கொடுத்தால் அதற்குப் பொருந்தும் ஃபைல்கள் எல்லாம் தாமே தேர்வாகும். காக்கநாடு இன்ஃபோபார்க்கில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் கே.டி.இ. என்ற இன்னொரு லினக்ஸ் முகப்பை வைத்திருப்பார்கள். அதில் நெடுங்காலம் ஒரே கிளிக்கில் ஃபைல் திறந்துகொள்ளும். தேர்ந்தெடுக்கப் போனவருக்குத் திறந்து கொடுத்தது! 2024 பிப்ரவரியில் வந்த ஆறாம் பதிப்பில்தான் இரட்டைக் கிளிக் இயல்பாக்கப்பட்டது. பிள்ளை வீட்டில் தங்கப் போகும் பெற்றோர், அந்த இயந்திரம் எந்த வழக்கத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு தொடுவது நல்லது.

இரட்டைக் கிளிக் செய்ய விரல் ஒத்துழைக்காதவர்கள் விண்டோஸின் கன்ட்ரோல் பேனலில் மௌஸ் என்பதைத் திறந்தால் பட்டன்ஸ் என்ற பக்கம் வரும். வேகத்தைக் குறைக்கும் நகர்த்தி அங்கே இருக்கிறது. சாதாரணமாக இரு கிளிக்குகளும் அரை விநாடிக்குள் விழ வேண்டும். அதைத் தளர்த்திக்கொள்ளலாம். அதே பக்கத்தில் கிளிக்லாக் என்பதைத் தேர்ந்தால், பொத்தானைச் சற்று நேரம் அழுத்திவிட்டு விரலை எடுத்துவிடலாம். மறுபடி கிளிக் செய்யும் வரை கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டிருக்கும். முதல் நாள் பழைய, வேண்டாத படங்கள் சிலவற்றைத் தனி ஃபோல்டரில் போட்டு அவற்றின்மேல் பழகிப் பாருங்கள்.