கிரேக்கப் பெரியவர்களிடம் கேள்வித்தாளோடு போகும் முன்

வயதாக ஆகத் தசை கரைந்து வலு குறைவதற்குப் பெயர் சார்க்கோபீனியா. அது ஒருவரின் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது என்று அளக்க, பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகக் குழு 2015-இல் வெளியிட்ட கேள்வித்தாள் சார்குவோல். மூலம் பிரெஞ்சு. 22 கேள்விகள், அவற்றுக்குள் 55 அம்சங்கள், 0 முதல் 100 வரை மதிப்பெண். மதிப்பெண் குறையக் குறைய வாழ்க்கைத்தரமும் குறைவு.

இதைக் கிரேக்கம் பேசும் முதியவர்களிடம் கொண்டுபோகும் குழுவில் நீங்கள் இருந்தால், வேலையைத் தொடங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். அவசரத்தில் கெட்டுப்போன கேள்வித்தாளைப் பிறகு எந்தப் புள்ளியியலாலும் சரிசெய்ய முடியாது.

செய்ய வேண்டியவை

• உருவாக்கிய குழுவுக்கு இன்றே மெயில் அனுப்பி அனுமதி கேளுங்கள். கிரேக்க வடிவம் ஏற்கெனவே வந்துவிட்டது. அதை வாங்கிப் பயன்படுத்துங்கள். சைப்ரஸிலோ, மெல்பர்னில் குடியேறி முதுமை அடைந்தவர்களிடமோ கேட்கப்போகிறீர்கள் என்றால், அந்த மக்களிடம் மறுபடி சோதித்துப் பாருங்கள். பேச்சுவழக்கும் வாழ்க்கையும் அங்கே வேறு.

• புதிதாக மொழிபெயர்க்க வேண்டி வந்தால், கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருவரைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ஒருவர் மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாதவராக இருக்கட்டும். இருவருமே டாக்டர்கள் என்றால் ஆஸ்பத்திரி பாஷைதான் வரும்.

• கிரேக்க வடிவத்தைச் சரிபார்க்க மூல மொழிக்கே திருப்பி மொழிபெயர்ப்பவர்களிடம் மூலத்தைக் காட்டாதீர்கள், அவர்கள் கேட்டாலும் கூட. பார்த்துவிட்டால் பிழையைத் தாங்களே திருத்திவிடுவார்கள், உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

• முன்சோதனைக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். என் பார்வையில் மொத்த வேலையும் தேறுவதும் தோற்பதும் இங்கேதான். நகராட்சிகள் நடத்தும் முதியோர் மையங்களுக்குப் போய் உட்காருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு, “இதைக் கேட்டதும் உங்கள் மனதில் என்ன வந்தது?” என்று கேளுங்கள். மாடிப்படி ஏறுவது பற்றிய கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏதென்ஸ் அடுக்குமாடியில் லிஃப்டில் போய்வரும் தாத்தா “கஷ்டமே இல்லை” என்பார். அவர் படியில் கால் வைத்தே வருஷங்கள் ஆகியிருக்கும். மலைக்கிராமத்துப் பாட்டிக்கோ தெருவே படிக்கட்டு. பழகிப்போனதால் அவரும் “கஷ்டமில்லை” என்பார். இருவரும் ஒரே கட்டத்தில் டிக் செய்திருப்பார்கள். “கஷ்டமில்லை” என்பதையும் “அதைச் செய்வதே இல்லை” என்பதையும் பிரித்து விசாரியுங்கள்.

• யாருக்குத் தசை இழப்பு என்பதை அளந்து முடிவு செய்யுங்கள். ஐரோப்பிய வல்லுநர் குழு 2019-இல் திருத்தி வெளியிட்ட அளவுகோலில், கைப்பிடி வலு ஆண்களுக்கு 27 கிலோவுக்கும் பெண்களுக்கு 16 கிலோவுக்கும் கீழே இருந்தால் சந்தேகம். தசை அளவும் குறைவு என்று டெக்ஸா போன்ற ஸ்கேனில் தெரிந்தால் உறுதி. ஆள் மெலிந்திருக்கிறார் என்பதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். பருமனானவர்களுக்கும் இது வரும்.

• பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். 1940-களின் அந்நிய ஆக்கிரமிப்பிலும் உள்நாட்டுப் போரிலும் பள்ளிப்படிப்பு அறுபட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. படிக்கச் சிரமப்படுபவருக்கு வாய்விட்டு வாசியுங்கள். வாசித்துக் காட்டியதைத் தாளில் குறித்தும் வையுங்கள்.

• பதில்கள் நிலையாக இருக்கின்றனவா என்று பார்க்க, சுமார் இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கேளுங்கள். இடையில் விழுந்தவரையும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவரையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்கள் நிலைமையே மாறியிருக்கும்.

செய்யக்கூடாதவை

• தலையசைப்பை வைத்துப் பதிலைக் குறிக்காதீர்கள். கிரேக்கத்தில் புருவத்தைத் தூக்கித் தலையைப் பின்னால் சாய்த்தால் “இல்லை” என்று பொருள். வெளியூர்க்காரருக்கு அது ஆமோதிப்பதுபோல் தெரியும். “ஆம்” என்பதற்கு அவர்கள் சொல்லும் “நே” என்ற சொல்லும் மறுப்பதுபோலவே காதில் விழும். பதிலை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

• மகளையோ வீட்டோடு இருக்கும் பராமரிப்பாளரையோ பதில் சொல்ல விடாதீர்கள். அக்கறையோடுதான் சொல்வார்கள். ஆனால் விழுந்துவிடுவோமோ என்ற பயம் பெரியவரின் மனதுக்குள் இருப்பது, அதை அவரிடமே கேளுங்கள்.

• தாம்பத்தியம் பற்றிய கேள்வியைக் கூச்சப்பட்டு நீக்காதீர்கள். தனியாக, அமைதியாகக் கேளுங்கள்; விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். நீங்களாக வெட்டினால் மற்ற நாட்டு முடிவுகளோடு ஒப்பிட முடியாது.

• இரண்டு சுற்றுக்கும் நடுவே ஆகஸ்ட் வரும்படி திட்டமிடாதீர்கள். 15-ஆம் தேதி மாதா திருநாளை ஒட்டி நகரத்துப் பெரியவர்கள் பலர் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். அங்கே நடையும் வேலையும் மாறும், பதிலும் மாறும்.

• கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா 0.9-ஐத் தாண்டியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒரே கேள்வியைப் பலமுறை மாற்றிக் கேட்டாலும் அது உயரும். எஸ்எஃப்-36, ஈக்யூ-5டி ஆகிய பொதுவான வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள்களோடு ஒத்துப்போகிறதா, தசை இழப்பு உள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்துக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

• மதிப்பெண்ணை நீங்களே கூட்டிப் போடாதீர்கள். உருவாக்கியவர்கள் தரும் கணக்கீட்டு முறை இருக்கிறது.

• களைத்துப்போனவரை 55 அம்சங்களுக்கும் வற்புறுத்தி உட்கார வைக்காதீர்கள். 2021-இல் வந்த 14 அம்சச் சுருக்க வடிவம் பொருந்துமா என்று முதலிலேயே யோசியுங்கள். அதற்கும் தனி மொழிபெயர்ப்பு, தனிச் சோதனை வேண்டும்.

அனுமதி மெயிலை இன்று அனுப்புங்கள். பதில் வருவதற்குள் முன்சோதனைக்கு ஒரு முதியோர் மையத்தில் பேசி நாள் குறித்துவிடுங்கள்.