கடைக்கு எந்த சுவிட்ச் வாங்குவது?

ஜோர்ஜ்டவுன் லெபோ பாசாரில் ஒரு துணிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் கணினி, அட்டை தேய்க்கும் கருவி, கண்காணிப்புக் கேமராக்கள், வாடிக்கையாளருக்கு வைஃபை. இத்தனையையும் இணைக்கும் சிறு பெட்டிதான் சுவிட்ச். விலையோ கடைக்குக் கடை பல மடங்கு வேறுபடுகிறது. ஏன்?

முன்பு இந்த வேலையைச் செய்த 'ஹப்', ஒரு கருவி அனுப்பியதை எல்லாக் கருவிகளுக்கும் கொடுத்துவிடும். சுவிட்ச் அப்படியல்ல. எந்தத் துளையில் எந்தக் கருவி இருக்கிறது என்று முகவரியைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு, உரியவருக்கு மட்டும் அனுப்பும். 1990இல் அமெரிக்காவில் ஏழு துளைகளுடன் ஈதர்நெட் சுவிட்சை முதலில் கொண்டுவந்த நிறுவனத்தின் பெயர் கல்பனா. அதன் நிறுவனர்களில் ஒருவர் வினோத் பரத்வாஜ். 1994இல் சிஸ்கோ அதை வாங்கியது.

மலிவானது சாதா சுவிட்ச். மாட்டினால் ஓடும், எதையும் மாற்றியமைக்க முடியாது. ஆனால் யாராவது ஒரே கம்பியின் இரு முனைகளையும் அதிலேயே செருகிவிட்டால் போச்சு. 'எல்லாருக்கும்' என்று முகவரியிட்ட தரவு அந்த வளையத்தில் ஓயாமல் சுற்றிப் பெருகும். சில விநாடிகளில் கடையே முடங்கும். இதற்குத் தீர்வாக 1985இல் ரேடியா பெர்ல்மன் வகுத்த முறை, வளையத்தைக் கண்டு ஒரு பாதையை அடைத்துவிடும். நிர்வகிக்கக்கூடிய சுவிட்சில் இது உண்டு.

அட்டைக் கருவியும் வாடிக்கையாளர் வைஃபையும் ஒரே வலையில் இருப்பது ஆபத்து. நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச் ஒரே பெட்டிக்குள் தனித்தனி வலைகளாகப் பிரித்துத் தரும். இடைநிலை 'ஸ்மார்ட்' வகையும் இதைச் செய்யும். நம் கடைக்கு அதுவே போதும் என்பேன். பிரித்த வலைகளுக்கிடையே தானே வழிகாட்டும் 'மூன்றாம் அடுக்கு' சுவிட்ச், பல கட்டடங்கள் உள்ள கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும்தான்.

பழைய கடைவீடுகளுக்கு இன்னொரு வகை உதவும். முகப்பு குறுகி, உள்ளே நீண்டு போகும் அந்த வீடுகளில் சுவரைக் கொத்தி மின்கம்பி இழுப்பது எளிதல்ல. 'பிஓஇ' சுவிட்ச், தரவுக் கம்பியிலேயே மின்சாரத்தையும் அனுப்பும். 100 மீட்டர் வரை இழுக்கலாம். 2003ஆம் ஆண்டுத் தரப்படி ஒரு துளைக்கு 15.4 வாட், 2009இல் அது 30 வாட் ஆனது.

வாங்கும்போது மொத்த வாட்டையும் பாருங்கள். 60 வாட் சுவிட்சில் 12 வாட் கேமரா ஆறு மாட்டினால் 72 ஆகிவிடும். அகச்சிவப்பு விளக்கு எரியும் இரவில்தான் கேமரா அதிக மின்சாரம் இழுக்கும். பகலெல்லாம் ஓடிய கேமரா கடை பூட்டிய பிறகு அணைந்தால், முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.