மெயில் வருவது நின்றுபோனால்

தோட்டத்து ஆபீசில் தப்பால் பையைப் பிரிக்கும்வரை வாசலில் காத்து நின்றவர்கள் நாங்கள். கடிதம் வரவில்லையென்றால் கேட்க ஒரு ஆள் இருந்தார். இன்று யட்டியாந்தோட்டைப் பிள்ளைகளுக்கு வேலைக்கான அழைப்பும் கெம்பஸ் செய்தியும் மெயிலில்தான் வருகின்றன. அது நின்றுபோனால் இந்த வரிசையில் பாருங்கள்.

1. முதலில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் உரியதல்ல. போட்டோக்கள், டிரைவ், அண்ட்ரொயிட் போனில் வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் அதற்குள்தான். அது நிரம்பினால் புது மெயில் உள்ளே வராது. என் அக்கா மகள் நேர்முகத் தேர்வு அழைப்புக்காக மூன்று வாரம் வழி பார்த்திருந்தாள். போனை வாங்கிப் பார்த்தேன். திருவிழா வீடியோவும் கல்யாண வீடியோவும் பேக்கப்பில் ஏறி இடத்தையெல்லாம் அடைத்திருந்தன. பேக்கப்பில் வீடியோ சேர்வதை நிறுத்தி, பெரிய மெயில்களை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தோம். குப்பையில் கிடப்பதும் இடம் பிடிக்கும்.

2. ஸ்பாம் பெட்டியை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே விழுந்தது 30 நாளில் தானாக அழிந்துவிடும்.

3. வேறொருவரின் முகவரியிலிருந்து உங்களுக்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். வந்து சேர்ந்தால் உங்கள் பெட்டியில் கோளாறு இல்லை. அவருக்கே திரும்பிப்போனால், திரும்பிய இங்கிலீஷ் மெயிலை அழிக்க வேண்டாமென்று சொல்லுங்கள். அதிலுள்ள மூன்று இலக்க எண் 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. அனுப்பும் சேர்வர் வழக்கமாகச் சில நாட்கள் திரும்பத் திரும்ப முயலும். 5இல் தொடங்கினால் கைவிட்டுவிட்டது. 552 என்றால் பெரும்பாலும் பெட்டி நிரம்பிவிட்டது. 550 என்றால் பெரும்பாலும் முகவரி பிழை.

4. மழைக்குக் கரண்ட் போய், போன் இரண்டு நாள் அணைந்து கிடந்தாலும் மெயில் தொலையாது, சேர்வரில் காத்திருக்கும். சிக்னல் வந்த பிறகும் வராவிட்டால், செட்டிங்கில் ‘சிங்க்’ நின்றிருக்கிறதா என்று பாருங்கள்.

5. விண்ணப்பத்தில் முகவரியைக் கையால் எழுதும்போது 1 என்ற எண்ணையும் இங்கிலீஷ் ‘எல்’ எழுத்தையும், பூச்சியத்தையும் ‘ஓ’வையும் பிரித்துத் தெரிய எழுதுங்கள். ஜிமெயில் பெயரின் நடுவே புள்ளி விடுபட்டால் பாதகமில்லை. எழுத்தோ எண்ணோ ஒன்று மாறினாலும் வராது.

6. பழைய மாணவர் சங்கக் குழு மெயில் மட்டும் நின்றதா? உங்கள் பெட்டியிலிருந்து சில மெயில்கள் திரும்பினாலே குழுவின் சேர்வர் உங்களுக்கு அனுப்புவதை நிறுத்திவிடக்கூடும். இடத்தைக் காலி செய்தால் மட்டும் போதாது; குழுவை நடத்துபவரிடம் சொல்லி மறுபடி தொடங்கச் செய்யுங்கள்.

7. “உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே அழுத்துங்கள்” என்று வரும் மெயிலை அழுத்தவே வேண்டாம். பாஸ்வேர்ட் திருடும் வழி அது.

8. கொமியூனிகேஷன் கடையில் திறந்து வாங்கிய கணக்கா? யாருடைய போன் நம்பர் அதில் இருக்கிறதென்று இன்றே பாருங்கள். பாஸ்வேர்ட் மறந்தால் மீட்கும் குறியீடு பெரும்பாலும் அந்த நம்பருக்குத்தான் போகும். கடை கைமாறினால், நம்பர் மாறினால், கணக்கும் போச்சு. அக்கா மகளின் கணக்கிலும் கடைத் தம்பியின் நம்பர்தான் இருந்தது. அன்றே அவள் நம்பரைப் போட்டு, பாஸ்வேர்டைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, கொப்பியைச் சாமான் பெட்டிக்குள் வைத்தோம்.