முக்கூர்த்தி தேசியப் பூங்கா: புவியியலும் சுற்றுப்புறமும் – முக்கியக் குறிப்புகள்

அமைவிடம்
• நீலகிரி மாவட்டம். நீலகிரி பீடபூமியின் மேற்கு விளிம்பு
• பரப்பு: 78.46 ச.கி.மீ.
• 1982 – சரணாலயம். 1990 – தேசியப் பூங்கா
• நோக்கம்: தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாட்டின் பாதுகாப்பு
• எல்லை: தென்மேற்கே கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா

சிகரங்கள்
• கோலாரிபெட்டா – 2,629 மீ
• முக்கூர்த்தி – 2,554 மீ (தோடர்களின் புனித மலை)
• நீலகிரிச் சிகரம் – 2,476 மீ
• தொட்டபெட்டா (2,637 மீ) இப்பூங்காவில் இல்லை. அடிக்கடி தவறும் விடை

நீர்ப்பிரிமேடு (மிக முக்கியம்)
• பைக்காரா: முக்கூர்த்தி சிகரப் பகுதியில் தோற்றம், பின்னர் மோயாறு எனப் பெயர் மாற்றம்
• பவானி: குந்தா மலைகளில் தோற்றம்; கேரளத்தின் அட்டப்பாடிக்குள் பாய்ந்து, கிழக்கே திரும்பி மீண்டும் தமிழ்நாடு
• ஒரே மலைத்தொகுதியில் பிறந்து எதிரெதிர்த் திசையில் மலையைச் சுற்றிவரும் மோயாறும் பவானியும் சேருமிடம்: பவானிசாகர் அணை (ஈரோடு மாவட்டம்); பின்னர் காவிரி வழியே வங்காள விரிகுடா
• தெற்கே குந்திப்புழை: தூதப்புழை, பாரதப்புழை வழியே அரபிக்கடல்
• விளிம்பு அணைகள்: முக்கூர்த்தி (1938), மேல் பவானி

நிலத்தோற்றம்
• சோலை – புல்வெளித் தொகுதி: சரிவுகளில் புல்வெளி, மடிப்புகளில் குட்டை மரச் சோலை
• முதன்மை மழை: தென்மேற்குப் பருவக்காற்று, டிசம்பர் – ஜனவரியில் உறைபனி
• திறந்த சரிவில் மர நாற்றுகள் வளராமைக்கு உறைபனி முக்கியக் காரணம்
• சோலையும் புல்லும் மழைநீரைத் தேக்கிக் கோடையிலும் ஓடைகளுக்கு விடுபவை
• புல்வெளியைத் தரிசாகக் கருதியது பிரிட்டிஷ் கால வன நிர்வாகத்தின் பெரும்பிழை. விளைவு: வேட்டில் (சீகை), தைலமரம், பைன் தோட்டங்கள்
• வேட்டில் பரவலே வரையாட்டு மேய்ச்சல் நிலத்திற்கு இன்றும் தொடரும் அச்சுறுத்தல்

பாலக்காட்டுக் கணவாய்
• மேற்குத் தொடர்ச்சி மலையின் மிகப்பெரிய இடைவெளி. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே
• வரையாட்டுக் கூட்டங்களை வடக்கு, தெற்கு எனப் பிரிப்பது
• வடக்கில் முதன்மை வாழிடம் – முக்கூர்த்தி. தெற்கில் – இரவிகுளம் (கேரளம்)

அங்கீகாரம்
• 1986 – நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் (இந்தியாவின் முதலாவது). முக்கூர்த்தி அதன் பகுதி
• 2012 – யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம் (மேற்குத் தொடர்ச்சி மலை)

ஒப்பீடு
• தமிழ்நாட்டின் தேசியப் பூங்காக்கள் 5: கிண்டி, மன்னார் வளைகுடா, ஆனைமலை (இந்திரா காந்தி), முதுமலை, முக்கூர்த்தி
• முதுமலையும் நீலகிரி மாவட்டமே. ஆனால் தாழ்வான வடசரிவு, புலிகள் காப்பகம். முக்கூர்த்தி உயர்மலைப் புல்வெளி